காரின் குரோம் பாகங்களுக்கு எந்தச் சாயம்? அடித்தளம் பார்ப்பதிலிருந்து கடைசி கிளியர் வரை

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் கடல் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். வண்டி வாங்கி சில வருடங்களில் முன் கிரில்லில் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் வரும். பிறகு ஓரத்தில் ஒரு செதில் தூக்கும். கார் கழுவும்போது அது விரலைக் கிழிக்கும். உப்புக் காற்று, மதிய வெயில், சாயங்கால மழை மூன்றும் மாறி மாறி அடிக்கிற ஊரில் குரோமின் ஆயுள் கொஞ்சம் குறைவுதான்.

நான் பக்கத்து ஊரான பிறையில் ஒரு சாயப் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது வந்து, "அண்ணே, குரோமுக்கு எந்த ஸ்ப்ரே நல்லது?" என்று கேட்பார். பாதிப் பேர் கையில் ஏற்கெனவே ஒரு டின் இருக்கும். அதன் மூடி கண்ணாடி மாதிரி மின்னும். அந்த மூடியைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். அந்த மூடிக்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சாயத்தை அடித்திருக்க மாட்டார்கள். அது தொழிற்சாலையில் வெற்றிட அறைக்குள் உலோகம் படியவைத்த பிளாஸ்டிக். டின்னை வாங்கிவிட்டு வருகிறவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: குரோமுக்கு அடியில் என்ன இருக்கிறது?

முதல் படி: அடியில் இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

குரோம் என்று நாம் பார்ப்பது மிக மெல்லிய படலம். அலங்கார வேலையில் அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்கு அடியில் நிக்கல், பல நேரம் அதற்கும் அடியில் செம்பு. பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. குரோம் அதற்கு லேசான நீலச் சாயலையும் கீறல் தாங்கும் கடினத்தையும் தருகிறது. இத்தனை அடுக்கும் எதன் மேல் ஏற்றப்பட்டது என்பதை வைத்துத்தான் சாயமும், சாயம் பிடிக்க அடியில் போடும் பிரைமரும் முடிவாகும்.

இன்றைய மைவி, வியோஸ், சிட்டி போன்ற கார்களின் கிரில், லோகோ, கதவுக் கைப்பிடி உறை எல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் ஏற்றிய குரோம். நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை வரும். கெட்டுப்போனால் தோல் மாதிரி உரியும், சில இடத்தில் செம்பின் பச்சை தெரியும். பழைய டட்சன் 120ஒய் போன்ற கார்களின் பம்பர் இரும்புத் தகடு. காந்தம் பிடிக்கும், கெட்டால் பழுப்புத் துரு வரும். பழைய கார்களின் கைப்பிடி, எழுத்துச் சின்னங்கள் பல துத்தநாக வார்ப்பு. கைக்குக் கனமாக இருக்கும், காந்தம் பிடிக்காது, கெட்டால் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். ஐரோப்பிய கார்களின் ஜன்னல் ஓரப் பட்டைகள் பலவும் குரோமே இல்லை. அவை அனோடைஸ் செய்த, அதாவது மின்முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியம். காரத்தன்மை (அல்கலைன்) உள்ள வீல் கிளீனர் பட்டால் வெள்ளைக் கோடுகளாகத் தேய்ந்துவிடும்.

ஐந்தாவது வகை எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ். இங்கே காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். கார் பட்டைகளுக்கு நிறையப் பயன்படும் 430 ரக ஸ்டெயின்லெஸ்ஸைக் காந்தம் பிடிக்கும். பட்டையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே உலோகமாகத் தெரிந்து, ஆழமான கீறலுக்குள்ளும் அதே நிறம் இருந்தால் அது ஸ்டெயின்லெஸ். குரோம் ஏற்றிய இரும்பு என்றால் பின்பக்கம் மங்கலாகவோ துருவோடோ இருக்கும்.

இரண்டாம் படி: சாயம் தேவையா என்று பாருங்கள்

ஸ்டெயின்லெஸ் பட்டைக்குச் சாயம் அடிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 400, 800, 1500 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தண்ணீரோடு தேய்த்து, பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் புதிது போல் வரும். அந்த உலோகமே பளபளப்பு, வேறு எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. கறுப்பாக்கித்தான் தீர வேண்டும் என்கிற ஆசை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இரும்பு மேல் இருக்கும் குரோமில் லேசான துருப் புள்ளிகள் மட்டும் என்றால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது, துருவை எடுத்துவிடும். துடைத்து மெழுகு போட்டால் பல மாதம் தாங்கும். ஒருவர் தன் பழைய பம்பருக்குச் சாயம் அடிக்க வந்தார். அரை மணி நேரம் அலுமினியத் தாளில் தேய்த்துக் காட்டியதும் திரும்பிப் போய்விட்டார். எங்களுக்கு வேலை போனது, அவருக்கு அசல் குரோம் மிஞ்சியது.

அதே மாதிரி, பிளாஸ்டிக் கிரில் பாதிக்கு மேல் உரிந்திருந்தால், பழைய கார்களைப் பிரித்துப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் நல்ல நிலையில் பழையது கிடைக்குமா என்று ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். உரிந்த ஓரங்களைச் சமன் செய்யும் உழைப்போடு ஒப்பிட்டால் அது மலிவாக முடிவதும் உண்டு.

மூன்றாம் படி: எந்தத் தோற்றம் வேண்டும்

இங்கேதான் அதிகமாகப் பணம் வீணாகிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டின்னில் வரும் சாதாரணக் குரோம் ஸ்ப்ரேக்குள் அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. செதில்களுக்கு ஸ்டீரிக் அமிலம் பூசியிருப்பதால், அடித்தவுடன் அவை சாயத்தின் மேல்மட்டத்துக்கு ஏறி, ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொள்ளும். அதனால்தான் அடித்த பத்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி தெரிகிறது. ஆனால் மேலே ஏறிய செதிலைப் பிடித்துவைக்கச் சாயப் பசை போதாது. விரல் வைத்தால் வெள்ளி ஒட்டிக்கொண்டு வரும். சரி, பாதுகாப்புக்கு மேலே கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிக்கலாம் என்றால், கிளியரில் இருக்கும் தின்னர் அந்தச் செதில்களைக் கலைத்துவிடும். படுத்திருந்தவை திசை மாறி நிற்கும். கண்ணாடி போய்ச் சாம்பல் நிறம் வரும்.

இதை என் அப்பாவின் டட்சன் பம்பரில் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மூன்று டின் குரோம் ஸ்ப்ரே அடித்து, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் அதில் தெரிந்தது. மறுநாள் கிளியர் அடித்தேன். சாயங்காலம் அவர் வந்து பார்த்துவிட்டு, "தண்ணித் தொட்டிக்கு அடிக்கிற வெள்ளி மாதிரி இருக்கேய்யா" என்றார். அது சரியான வர்ணனை. அந்தப் பம்பரை முழுக்கச் சுரண்டி மறுபடி செய்தேன்.

அப்படியானால் கண்ணாடிக் குரோம் சாயத்தில் வரவே வராதா? வரும், ஆனால் வேறு வழியில். வெற்றிட முறையில் செய்த மிக மெல்லிய செதில்கள் கொண்ட குரோம் சாயம் ஒன்று உண்டு. அதைக் கண்ணாடி போல் வழவழப்பான, நன்றாகக் காய்ந்த கறுப்பு மேல் பனித்தூவல் போல மெல்ல மெல்ல அடிக்க வேண்டும். கறுப்பில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் பத்து மடங்காகத் தெரியும். அந்தக் குரோம் சாயக் கம்பெனி சொல்லும் கிளியரைத்தான் மேலே போட வேண்டும், அப்போதும் பளபளப்பு ஓரளவு குறையும். இன்னொரு முறை, வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளித்துப் பரப்பின் மேலேயே வெள்ளியைப் படியவைப்பது, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் செய்வது போல. அயனி நீக்கிய சுத்தத் தண்ணீர், இரட்டை முனை ஸ்ப்ரே துப்பாக்கி எல்லாம் வேண்டும். வீட்டு வேலை இல்லை. செய்து தரும் கடைக்குப் போனால், குறைந்தது ஒரு வருடம் வெயிலில் நின்ற அவர்களுடைய பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கிளியர் சரியில்லை என்றால் மஞ்சள் தட்டும், ஓரம் கறுக்கும். நேற்று முடித்த துண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பழைய கார், அசல் தோற்றம்தான் வேண்டும் என்றால் மறுபடி மின்முலாம் பூசுவதே ஒரே வழி. சாயத்தில் அதற்கு ஈடு இல்லை.

அன்றாடம் ஓட்டுகிற காருக்கு இரண்டு நல்ல தேர்வுகள் மிஞ்சுகின்றன. ஒன்று வெள்ளி நிறம்: குரோம் என்று எழுதிய டின்னை விட்டுவிட்டு, ஸ்போர்ட் ரிம்முக்கு (அலாய் சக்கரத்துக்கு) அடிக்கும் அலாய் சில்வர் பேஸ், அதாவது கிளியருக்கு அடியில் வரும் நிறச் சாயம், வாங்குங்கள். அதன் செதில்கள் சாயத்துக்குள்ளேயே பரவி நிற்கும் வகை, கிளியர் போட்டாலும் மாறாது. கண்ணாடி போல இருக்காது, சுத்தமான உலோகம் போல இருக்கும், அது கௌரவமாகவே இருக்கும். இன்னொன்று கறுப்பு. கிளாஸ் கறுப்பு, அதாவது முழுப் பளபளப்பு, புதிதில் அழகு, ஆனால் கழுவும் துணியின் மெல்லிய கீறல் ஒவ்வொன்றும் வெயிலில் தெரியும். சேட்டின் கறுப்பு, அதாவது அரைப் பளபளப்பு, கீறலை மறைக்கும். ஆனால் அதில் ஒரு தூசி விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, அந்த இடம் மட்டும் மின்னும். இந்த ஊர் வெயிலுக்கும் உப்புக்கும் என் தேர்வு, கறுப்பு பேஸ் மேல் டூகே (ஹார்டனர் கலந்து இறுகும் வகை) சேட்டின் கிளியர். அடுத்தவர் வேறு சொல்லலாம், நான் பல வருடம் திரும்பி வந்த வண்டிகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

வாடகை வண்டி, அல்லது இரண்டு வருடத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் சாயம் வேண்டாம், விநைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சும் இருக்கிறது. அதை மெல்லிசாக அடித்தால் பின்னால் முழுத் தாளாக உரியாது, துண்டு துண்டாக வரும். ஐந்து கோட்டாவது கனமாக வேண்டும். பெட்ரோல் பட்டால் கரையும், பெட்ரோல் ஊற்றும் மூடிப் பக்கம் வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

புதிய கார்கள் சிலவற்றில் முன் லோகோவுக்கோ கிரில்லுக்கோ பின்னால் ரேடார் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகப் பிரேக் பிடிப்பதற்கு உதவுவது அதுதான். அதன் முன்னால் உலோகச் செதில் உள்ள சாயம் அடித்தால் அலை தடைபடும். வெள்ளியோ குரோமோ அந்தப் பாகத்துக்குக் கூடவே கூடாது. வெறும் கறுப்புக்கும்கூடக் காரின் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பம்பரில் இருக்கும் பார்க்கிங் சென்சார் பொட்டுகளையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

நான்காம் படி: சாயக் குடும்பமும் பிரைமரும்

கடையில் இருக்கும் டின்கள் மூன்று குடும்பம். ஆக்ரிலிக் லாக்கர் தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும், அடிக்க எளிது, ஆனால் பெட்ரோலுக்கும் தின்னருக்கும் தாங்காது. சிந்தெடிக் எனாமல் மெதுவாக, உள்ளிருந்து பல நாள் காயும். டூகே என்பது ஹார்டனர் கலந்து இறுகும் இரண்டு பகுதிச் சாயம், தொழிற்சாலைச் சாயத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடியில் இருப்பது சுருங்கி முதலைத் தோல் மாதிரி ஆகிவிடும். பழைய சாயம் என்னவென்று தெரியாவிட்டால் தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் துணியில் வந்தால் லாக்கர். முடிந்தவரை பிரைமர், பேஸ், கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். நிப்பான் பைலாக்ஸ், சாமுராய் இரண்டும் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். டூகே டின் என்றால் அடியில் ஓர் ஊசி இருக்கும், அதை அழுத்தினால்தான் ஹார்டனர் கலக்கும். கலந்தபின் டின்னில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் உள்ளேயே கல்லாகிவிடும்.

பிரைமர் விஷயத்தில் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. உலோகம் என்றதும் எட்ச் பிரைமர் வாங்குகிறார்கள். அதில் இருக்கும் அமிலம் வெறும் இரும்பையும் அலுமினியத்தையும் கடித்துப் பிடிக்கும். குரோமின் மேலே இருக்கும் ஆக்சைடு படலம் அமிலத்துக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. அதனால் குரோமுக்கு நம்பத் தகுந்தது தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பரப்பின் மேல் எபாக்சி பிரைமர். அனோடைஸ் போய்த் தேய்ந்த வெறும் அலுமினியத்துக்கு எட்ச் பொருந்தும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள், பல எபாக்சிகள் அமிலப் பிரைமர் மேல் பிடிப்பதில்லை. குரோம் உரிந்து வெறும் ஏபிஎஸ் தெரியும் இடத்துக்குப் பிளாஸ்டிக் பிரைமர் போதும். அங்கே தின்னரை ஊற்றித் துடைத்தால் பிளாஸ்டிக்கே விரிசல் விடும்.

ஐந்தாம் படி: கழற்றுவதும் தேய்ப்பதும்

முடிந்த பாகத்தைக் கழற்றுங்கள். லோகோவை ஹேர் டிரையரால் சூடாக்கி, பின்னால் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, ரம்பம் போல இழுத்தால் இரட்டை ஒட்டு டேப் அறுந்துவிடும், காரின் சாயம் கீறாது.

முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகும் எண்ணெயும் எடுக்கும் கிளீனர். இந்த வரிசை மாறக்கூடாது. டாஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிக்கன் மிச்சம் இருந்தால், தேய்க்கும்போது அதைக் கீறலுக்குள் நாமே அழுத்திவிடுவோம். பிறகு சாயம் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும்.

அப்புறம் உப்புத்தாள். கடையில் 'கெர்தாஸ் பாசிர்' தண்ணீருக்கு உள்ளது என்று கேளுங்கள். 320-இல் தொடங்கி 400-இல் முடியுங்கள், மூலைகளுக்குச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் தேய்ப்பு நார். குரோம் மிகக் கடினம், கை வலிக்கும். ஒரு இடத்தில்கூட மினுக்கம் மிச்சம் இருக்கக்கூடாது, மினுங்கும் இடத்திலிருந்துதான் சாயம் உரியத் தொடங்கும். எப்போதும் தண்ணீரோடுதான் தேய்க்க வேண்டும், நிக்கல் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. அமிலம் ஊற்றிக் குரோமைக் கரைக்கும் வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். மின்சாரம் விட்டுக் கழற்றுவதில் புற்றுநோய் தரும் ஆறிணைதிறன் குரோமியம் உண்டாகும்.

உரியும் செதில்களை இறுக்கமாக ஒட்டியிருக்கும் இடம்வரை சுரண்டி, ஓரத்தைச் சரிவாக்குங்கள். விரல் நுனியை ஓட்டினால் படி தட்டக்கூடாது. துத்தநாகக் கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் குடைந்து வெள்ளைப் பொடியை முழுக்க எடுத்து, உடனே எபாக்சியால் மூடுங்கள். மேலே மட்டும் தேய்த்துவிட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி எழும்.

தேய்த்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கிளீனர்.

ஆறாம் படி: வானிலை பார்த்து அடியுங்கள்

எங்கள் பட்டறையில் கூட்டம் அலைமோதுவது தீபாவளிக்கு முந்திய வாரங்களில். பினாங்கில் மழை அதிகமாகக் கொட்டுவதும் அதே காலம்தான். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது லாக்கர் அடித்தால், தின்னர் வேகமாகப் பறந்து பரப்பைக் குளிர்விக்கும். அந்தக் குளிரில் ஈரம் படிந்து சாயம் பால் ஊற்றியது போல் வெளுக்கும். டூகே ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் குமிழி விடும். காலை பனி காய்ந்தபின், ஒன்பதரை முதல் நண்பகல் வரை அடிப்பது நல்லது. ஏர்கான் அறையில் வைத்திருந்த பாகத்தை வெளியே கொண்டுவந்தவுடன் அடிக்காதீர்கள், அது வியர்க்கும். அரை மணி நேரம் நிழலில் விடுங்கள். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூசி எழாது.

டூகே அடிப்பவர்கள் கட்டாயம் கரி வடிகட்டி உள்ள முகமூடி போட வேண்டும். கோவிட் காலத்து முகக்கவசம் இதற்கு உதவாது. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமை ஏற்படுத்திவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமா தொல்லைதான். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டின்னை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். பிரைமர் முதல் கோட்டு தூவல் மட்டும், அடி தெரிய வேண்டும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. காய்ந்ததும் 600-இல் மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். மறைவான ஓர் இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பிரைமர் டேப்போடு வந்தால் மேலே போகாதீர்கள், தேய்ப்புக் குறை. பேஸ் இரண்டு மூன்று மெல்லிய கோட்டு. வெள்ளி என்றால் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் தூரத்திலிருந்து குறுக்காகத் தூவுங்கள், திட்டுத்திட்டாக இருப்பது சமமாகும். கிளியர் முதலில் மெல்லிசாக, பிறகு ஈரமாக இரண்டு கோட்டு. மறு கோட்டு நேரம் டின்னில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள், அல்லது இரண்டு நாள் கழித்து என்று எழுதியிருந்தால் இடையில் அடிக்காதீர்கள், சுருங்கிவிடும்.

ஒரு கிரில்லுக்குப் பிரைமர் ஒன்று, பேஸ் இரண்டு, கிளியர் இரண்டு என்று 400 மில்லி டின்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து கடைக்கு ஓடினால் நேரம் தவறிவிடும்.

காரிலேயே வைத்து அடித்திருந்தால், கடைசிக் கிளியர் இன்னும் லேசாக ஒட்டும்போதே மாஸ்கிங் டேப்பைத் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். முழுக்கக் காயவிட்டால் ஓரம் கிழியும். கழற்றிய பாகத்தை ஒரு நாள் விட்டு மாட்டுங்கள். ஒரு வாரம் வரை கார் கழுவும் கடைக்கு வேண்டாம், பறவை எச்சம் விழுந்தால் மட்டும் உடனே வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். மெழுகு முப்பது நாள் கழித்து, அதுவும் கிளாஸ் அடித்தவர்களுக்கு மட்டும். சேட்டினுக்கு மெழுகே போடாதீர்கள்.